சைவப்பழத்தின் மடியில் கருவாடு

கரவெட்டியில் சைவத்தைக் கடைப்பிடித்தவர்கள் பலர் இருந்தார்கள். சைவத்தையே நடுங்க வைத்தவர் ஒருவர்தான். அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் இடாப்பில் மட்டும் பாவனையில் இருந்தது. ஊர் அவரைச் சைவப்பழம் என்றது. முட்டை விற்கிற கடையில் நெருப்புப்பெட்டி வாங்க மாட்டார். மீன் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் இருந்தால் மரண அறிவித்தலைக்கூட நம்ப மாட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கிளாக்கராக மாற்றலாகி வந்து, அவருடைய வீட்டுக்கு அடுத்த வளவில் குடியிருந்தேன். நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி ஒன்று. அந்தப் பக்கம் புகையிலையும் தேவாரமும். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். அவள் வல்வெட்டித்துறைக்காரி, தாய்வீட்டிலிருந்து மாதம் தவறாமல் கட்டாக் கருவாடு வந்து இறங்கும். காற்று எங்கள் பக்கமிருந்து அடிக்கிற நாள்களில் சைவப்பழம் திருநீற்றை மூக்கின் மேலும் பூசிக்கொள்வார். மற்றபடி நல்ல அயலவர்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி அன்னம்மாக்கா, புகையிலைத் தோட்டம், பிள்ளையார் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கிற புராணப் படிப்பு, இவ்வளவும்தான் உலகம். ஒருவர் பாட்டை இழுத்துப் படிக்க, சைவப்பழம் பக்கத்திலிருந்து பயன் சொல்வார். அதாவது பொருளை விரிப்பார். ஒரு அடிக்கு அவர் பயன் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசைக் கிழவர்கள் தூங்கி, எழும்பி, வெற்றிலை போட்டு, மறுபடி தூங்கலாம்.

இந்த வீட்டுக்குத்தான் அந்த அல்சேஷன் குட்டி வந்து சேர்ந்தது. அவருடைய தம்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்தார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன குட்டியை அவர் கூடையில் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் இறக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். குட்டி சிறிதுதான், பாதங்கள் மட்டும் ஏற்கனவே முழுநாயினுடையவை. இனி எவ்வளவு வளரப் போகிறது என்று வேலியின் உயரத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

"நாய் வைரவற்றை வாகனம், தம்பி. வீட்டுக்கு வந்ததைத் தள்ளக்கூடாது," என்றார் சைவப்பழம்.

வைரவன் என்று பெயரும் வைத்தார். வாகனம் என்பதால் தடி ஓங்கவும் முடியாது. அதை வைரவன் முதல் நாளே தெரிந்துகொண்டது.

அதன்பிறகு அதற்கு யாரும் எஜமான் இல்லை. 'வா' என்றால் போகும். 'போ' என்றால் மடியில் ஏறும். புகையிலைக் கன்றுகளை நட்ட ஒழுங்கிலேயே பிடுங்கிக்கொண்டு வந்தது. கொடியில் காய்ந்த வேட்டியை இழுத்துப் போய்க் கோயில் கேணிக்குள் போட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர் உலாத்தப் புறப்பட்டால், செருப்புகள் ஒரு சந்தியில் கிடக்கும், அவர் அடுத்த சந்தியில் நிற்பார்.

"'இரு' எண்டு சொல்லு. குந்தி இருந்தா உடனை ஒரு துண்டு இறைச்சி குடு. துரை அப்பிடித்தான் பழக்கினவர்," என்று தம்பி சொல்லிவிட்டுப் போயிருந்தார். இறைச்சி என்ற சொல் காதில் விழுந்ததற்கே சைவப்பழம் கிணற்றடியில் முழுகினார். அதற்குப் பதிலாக உளுந்து வடை கொடுத்துப் பார்த்தார். வைரவன் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பனங்காய்ப் பணியாரம் கொடுத்தார். தின்றது, நின்றுகொண்டே தின்றது. கடைசியில் அவர் தமக்குத் தெரிந்த வித்தையை எடுத்தார்.

"வைரவா, இரு. இரு எண்டால் என்ன? அலையிற மனத்தை அடக்கி ஒரு இடத்திலை நிறுத்திறது. ஆர் இருக்கவேணும்? நீ இருக்கவேணும். ஏன் இருக்கவேணும்?"

ஏன் என்பதற்குள் வைரவன் படுத்துத் தூங்கிவிடும்.

அன்னம்மாக்காவின் பொறுமை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. பிள்ளையாருக்குப் படைக்க வைத்த மோதகத் தட்டு குசினிக்குள் அடுப்படியில் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் வைரவன் உதட்டை நக்கிக்கொண்டு நின்றது.

"இஞ்சருங்கோ, புராணப் படிப்பு முடியிற அண்டைக்குப் புகையிலை ஏத்த லொறி வருது. அதுக்கிடையிலை உந்த நாய் சொல்வழி கேட்கவேணும். இல்லாட்டில் அதையும் ஏத்தி வன்னிக்கு அண்ணையின்ரை வயலுக்கு அனுப்பிப்போடுவன். காட்டுப் பண்டியோடை சண்டை பிடிச்சுக்கொண்டு திரியட்டும்."

 அன்று மாலை சைவப்பழம் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, வைரவனின் தலையை மடியில் வைத்து, காதுக்குள் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் என் மனைவி குசினி வாசலில் கருவாடு சுட்டாள். வேலியில் பூனை நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. வைரவன் அதை மாடு நுழைகிற அளவாக்கிக்கொண்டு வந்தது.

"பாயாதை. இரு," என்றாள் அவள், துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

வைரவன் முதுகை நிமிர்த்தி, முன்கால்களைச் சேர்த்து, படம் எடுப்பிக்க வந்தவர் போலக் குந்தி இருந்தது. வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. சைவப்பழம் நாயைப் பார்த்தார். கருவாட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். தலை மறைந்தது.

அடுத்த நாள் விடிய வேலிப் பொட்டடியில் வந்து நின்றார்.

"தம்பி."

"சொல்லுங்கோ அண்ணை."

"உங்கடை வீட்டிலை... அந்தச் சாமான் இருக்குதோ?"

"எந்தச் சாமான்?" என்றேன். இப்படி ஒரு சந்தர்ப்பத்தை விடுவேனா?

"கடல்லை இருந்து வாறது."

"உப்போ அண்ணை?"

"உப்புப் போட்டதுதான்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துண்டை வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தணல் எடுக்கும் குறட்டால் பிடித்தார். முகத்தை மறுபக்கம் திருப்பி, "வைரவா, இரு," என்றார். இருந்தது. குறடு நீண்டது. பிறகு நேரே கிணற்றடிக்குப் போய் முழுகினார்.

பயிற்சி அப்படித்தான் நடந்தது. 'இரு' என்றால் ஒரு துண்டு, ஒரு முழுக்கு. 'படு' என்றால் இன்னொரு துண்டு, இன்னொரு முழுக்கு. 'நில்' என்று சொல்லிவிட்டு வேலி வரை நடந்து போய்த் திரும்பி வருவார். அசையாமல் நின்றால் அதற்கும் துண்டு, அதற்கும் முழுக்கு. கிணற்றுத் துலா ஓயவில்லை. வைரவன் மளமளவென்று பழகியது. சைவப்பழத்துக்குத் தும்மலோடு தடிமன் பிடித்தது.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மனிதர் நாள் முழுக்க முழுகுவதை ஊர் கண்டது. "புராணப் படிப்புக்கெண்டு கடும் விரதம் போலை கிடக்கு," என்று சனம் கதைத்தது. கோயில் மனேச்சர் அவரை வழியில் கண்டால் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். கருவாடு கூடக் கூட மதிப்பும் கூடியது. ஒரு தாய் தன் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அவருடைய கையால் திருநீறு பூசுவிக்கக் கொண்டு வந்தாள். பிள்ளை அந்தக் கையை முகர்ந்துவிட்டு, "அம்மா, சோறு," என்றது. அந்தப் பிள்ளைக்குப் பசி எடுத்ததையும் அவருடைய மகிமையில்தான் சேர்த்தார்கள்.

குறட்டால் கொடுத்தால் வைரவன் குறட்டைத்தான் மதிக்கிறது என்று அதற்கு முன்பே கையால் கொடுக்கத் தொடங்கியிருந்தார். துண்டுகளை வாழைச்சருகில் சுற்றி மடியில் செருகிக்கொள்ளவும் பழகிவிட்டார்.

புராணப் படிப்பின் கடைசி நாள் வந்தது. பின்னேரம் லொறி வரவிருந்தது. சைவப்பழம் முழுகி, வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்டபோது வைரவனும் வாசற் படலை வரை கூடவே வந்தது. ஒரு துண்டைக் கொடுத்து 'நில்' என்று நிறுத்தினார். அதற்குள் கோயில் மணி கேட்டது. மறுபடி முழுக நேரமில்லை. மிச்சச் சுருளை மடியில் செருகிக்கொண்டு ஓடினார். பழக்கம் நாய்க்கு மட்டும் வருகிற ஒன்றல்ல.

மண்டபம் நிறைந்த சனம். அவர் பயன் சொல்லச் சொல்ல உடம்பு சூடேறியது, மடியும் சூடேறியது. "எங்கையோ எலி செத்துக் கிடக்கு," என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் விழித்துக்கொண்டார். அது எலியல்ல என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை.

அப்போது வைரவன் வந்தது. படலையைப் பாய்ந்து, மூக்கு காட்டிய வழியே வந்து, மண்டபத்துக்குள் ஏறிவிட்டது. பெண்கள் பக்கம் அலறியது. ஒரு குத்துவிளக்குச் சாய்ந்தது. "சாமியடிக்கு விடாதையுங்கோ, பிடியுங்கோ," என்று மனேச்சர் கத்தினார். பிடிக்கத்தான் ஆளில்லை. யாரோ தடி எடுத்தார்.

சைவப்பழம் எழுந்தார். சும்மா இருந்தால் நாய் இன்றைக்கே வன்னிக்குப் போய்விடும். மடிக்குள் கை போகாமல் அது சொல்வழி கேட்காது. கை போனால் இத்தனை வருஷம் சேர்த்த பெயர் போய்விடும். அவருடைய முகம் வெளிறியதைக் கண்டேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கை மடிக்குள் போனது.

"வைரவா, இரு."

இருந்தது.

"படு."

படுத்தது. "மனுசன்ரை தவத்தைப் பாருங்கோ," என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். "வைரவற்றை வாகனமே கட்டுப்படுது."

அதோடு விட்டிருக்கலாம். வெறுங்கையை வெளியே எடுத்து நாயைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஊர் அவரைக் கும்பிட்டிருக்கும். ஆனால் வைரவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவர் அதன் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னதைச் செய்துபோட்டுது," என்றார் எல்லோருக்கும் கேட்க. "இப்ப குடுக்காட்டில் நான் அதுக்குப் பொய் சொன்னவனாப் போயிடுவன்."

சருகைப் பிரித்தார். கருவாட்டை எடுத்து அதன் வாயில் வைத்தார்.

 மனேச்சர் இடுப்பில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து மூக்கைப் பொத்தினார். பெண்கள் பக்கமிருந்து அன்னம்மாக்கா எழும்புவதைக் கண்டதும் சைவப்பழம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு உது எப்பவோ தெரியும்," என்றார் அன்னம்மாக்கா. "நாலு தரம் முழுகினா நாலு வேட்டி. ஆர் தோய்க்கிறதெண்டு நினைச்சனீங்கள்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"லொறி வந்தாப் புகையிலையை மட்டும் ஏத்திவிடுங்கோ. நாய் வீட்டை நிக்கும்."

ஐயர் தண்ணீர் தெளித்து, மந்திரம் சொல்லி, மண்டபத்தைச் சுத்தம் செய்தார். கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. பயன் சொல்ல வேறு ஆளில்லை. மனேச்சர் அரை மனத்தோடு வெளியே வந்தார், பின்னால் நானும். சைவப்பழம் கேணியில் முழுகி, வைரவனையும் முழுகவார்த்து, ஈரவேட்டியோடு வாசலுக்கு வெளியே மணலில் இருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. உள்ளை வாங்கோ, அண்ணை."

"உவனைத் தனிய விட ஏலாது. தடியைக் கண்டு பயந்துபோனான். நீங்கள் படியுங்கோ, எனக்குக் கேட்கும். நான் இதிலை இருந்தே சொல்லுறன்."

உள்ளே பாட்டு எழுந்தது. வைரவனின் கழுத்தில் கையைப் போட்டபடி, மதிலுக்கு அப்பால் கேட்கும்படி, அவர் உரத்துப் பயன் சொல்லத் தொடங்கினார். என் மனைவி உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். நான் போகவில்லை. நாய்க்கு மறுபக்கத்தில் இடமிருந்தது. அதில் போய் இருந்துகொண்டேன்.