முன்சீட்டில் ஒரு தர்பூசணி

"இந்தப் புனல்ல இதுக்கு முன்னாடி எதை ஊத்தினீங்க?" என்று உரைகல் கேட்டபோது, மெக்கானிக் காரின் வயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"ஆயில்தான் சார்."

"ஆயில்னா? ஃபுல் சிந்தெடிக்கா, செமியா?"

மெக்கானிக் வெளியே வந்தார். புனலைப் பார்த்தார். உரைகல்லைப் பார்த்தார்.

"செமியா இருக்கும் சார். அதுக்கென்ன இப்போ? ஒரு சொட்டு ஒட்டியிருக்கும்."

ஒரு சொட்டு! உரைகல் புனலைப் பிடுங்கி ஓரமாக வீசினார். தங்கத்தைக் கல்லில் உரைத்து மாற்றுச் சொல்வதிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவர் அவர். பெற்றோர் வைத்த பெயரை ஊரே மறந்து, உரைகல் என்றுதான் கூப்பிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மருமகனையே ஒருமுறை கல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், மகள்தான் காலில் விழுந்து தடுத்தாள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

"வடிச்சிடுங்க."

"இப்பத்தானே சார் ஊத்தினேன்! இன்னும் சூடுகூட ஆகல."

"வடிங்கன்னா வடிங்க. புது ஆயில், புதுப் புனல்."

மெக்கானிக் வடித்தார். தேன் நிறத்தில் இறங்கிய புத்தம் புது எண்ணெயைக் கேனில் பிடித்து, மூடியை இறுக்கி, பெற்ற பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் ஓரமாக வைத்தார்.

இத்தனை கூத்தும் எதற்கு? ஒரு சீட்டுக்காக.

மகளுக்கும் மருமகனுக்கும் இருந்தது ஒரே கார். வீட்டின் கீழ்த்தளத்தில் உரைகல், மாடியில் சம்பந்தி. கார் கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், முன்சீட்டைப் பிடிக்க ஒருவர் மாடிப்படியில் உருள்வார், இன்னொருவர் ஜன்னல் வழியாகக் குதிப்பார். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் முன்கதவை இழுத்ததில், கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

சம்பந்தி ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாலு புட்டியில் இருப்பதை ஒரு புட்டியில் கலந்து குலுக்காவிட்டால் அவருக்குக் கை நமநமக்கும். ஆகவே, காருக்கு ஆயில் மாற்றும் வேளை வந்ததும் செமி சிந்தெடிக்தான் என்று சொல்லிவிட்டார். பூமியிலிருந்து எடுத்த எண்ணெயும் ஆலையில் செய்த எண்ணெயும் கலந்தது அது. கலப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உரைகல்லின் மீசை நட்டுக்கொண்டது. ஃபுல் சிந்தெடிக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லையே!

"கலந்தாதான் சம்பந்தி குணம். என் மிக்சரைக் குடிச்சிட்டு எத்தனை பேர் எழுந்து நடந்திருக்காங்க தெரியுமா?"

"நடந்தாங்களா, தப்பிச்சு ஓடினாங்களா?"

"சரி, செம்பு கலக்காம நீங்க ஒரு வளையல் செஞ்சு காட்டுங்களேன்!"

அந்த அடி உரைகல்லுக்கு எலும்பு வரைக்கும் இறங்கியது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் மகள்தான் தீர்ப்புச் சொன்னாள். "போதும் உங்க பஞ்சாயத்து! இந்தத் தடவை அப்பா சொல்ற ஆயில். அடுத்த மாசம் மலைமேல சித்தி வீட்டுக்குத் தையல் மெஷினை ஏத்திட்டுப் போறோம். வண்டி முனகாம ஏறினா, முன்சீட்டு ஆயுசுக்கும் அப்பாவுக்கு. முக்கி முனகினா மாமாவுக்கு. தோத்தவங்க பின்னாடி நடுவுல, காலுக்குக் கீழ இருக்கே மேடு, அது மேல காலை வெச்சுக்கிட்டு உக்காரணும்."

"அதுவரைக்கும் முன்சீட்டு யாருக்கும்மா?" என்றார் கம்பவுண்டர்.

மகள் சமையலறைக்குப் போய் ஒரு தர்பூசணியைத் தூக்கி வந்தாள். முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து உரைகல்லுக்குத் தூக்கம் போயிற்று. புனல் விவகாரம் நடந்தது வெள்ளிக்கிழமை. அடுத்த வாரமே, ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று டிக்கியில் கிடந்த பழைய செமி டப்பாவை மருமகன் கவிழ்த்துவிட்டான்.

"ரெண்டு மூடிதான் மாமா ஊத்தினேன்."

"பாயசத்துல ரெண்டு மூடி மண்ணெண்ணெய் ஊத்தினா குடிப்பியா மாப்ளே?"

வெள்ளிக்கிழமை மறுபடி மெக்கானிக்கிடம் போய் வடித்தாயிற்று. அதற்கடுத்த வெள்ளி, செமி டப்பாவைத் தொட்ட கையாலேயே மெக்கானிக் ஃபுல் டப்பாவையும் திறந்தாரோ என்று ஒரு சந்தேகம். போனார்; கையோடு சோப்பும் கொண்டுபோனார்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை ஆனா எங்க கிளம்பிடறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா, காத்து வாங்க."

"காத்து என்ன, சட்டை பூராவும் எண்ணெயாவா அடிக்குது?"

திருகித் திருகி, ஆயில் வடிக்கும் திருகாணியின் மரை தேய்ந்துவிட்டது. வாசலில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கம்பவுண்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சம்பந்தி, உங்க சொக்கத்தங்கம் உருகுது! கிண்ணம் வெச்சுப் பிடிங்க!" என்று கூவினார்.

உரைகல் பதறிக்கொண்டு ஓடினார். மெக்கானிக் புதுத் திருகாணி போட்டபடி, "தேயாம என்ன சார் செய்யும்? அதுக்கும் ஒரு ஓய்வு வேண்டாமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியின் அருமை தெரியாத மனிதர் என்று உரைகல் மன்னித்துவிட்டார்.

கம்பவுண்டரோ இந்தக் கவலை எதுவும் இல்லாமல் திங்கள்தோறும் காரை எடுத்துக்கொண்டு முடிவெட்டப் போய்வந்தார். அவர் தலையில் இருந்ததே காதோரம் நாலு முடி. மற்றதெல்லாம் சாணை பிடித்த பளிங்கு. ஆனாலும் ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. 'தோக்கப் போற மனுஷன், அழகாவாவது தோக்கட்டும்' என்று உரைகல் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

மலையேறும் செவ்வாய்க்கிழமை வந்தது. டிக்கியில் தையல் மெஷின். ஓட்டுவது மகள். அவள் பக்கத்தில் தர்பூசணி. பின்னால் இரண்டு சம்பந்திகள், நடுவில் எல்லைக்கல்லைப்போல் மருமகன்.

ஏற்றம் சாதாரண ஏற்றமா? அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். முதல் வளைவு. உரைகல் மூச்சைப் பிடித்தார். இரண்டாவது வளைவு. மருமகனின் தொடையைப் பிடித்தார். இன்ஜின் முனகவில்லை. முக்கவில்லை. தாலாட்டுப் பாடும் தாயைப்போல 'ம்ம்ம்' என்று ஒரே சுதியில் ஏறியது!

"கேக்குதா சம்பந்தி? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. பிரமாதமான ஆயில்!" என்றார் கம்பவுண்டர். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. தோற்கிறவன் முகமா அது? உரைகல்லுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. வீட்டுத் தெருவுக்கு வரும் காய்கறி வேன்! வேன் வருவதற்கு ஒரு தெரு முன்னால் அதன் புகை வந்து கதவைத் தட்டும். அதன் இருமலைக் கேட்டு வீட்டில் இருக்கிற நோயாளிகள் ஆறுதலடைவார்கள். அப்பேர்ப்பட்ட கிழட்டு வேன், கூரை வரைக்கும் உருளைக்கிழங்கு மூட்டையோடு, புகையில்லாமல் இருமலில்லாமல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி அவர்களைத் தாண்டிப் போனது. உரைகல்லுக்கு வாய் பிளந்தது.

உச்சியில் டீக்கடை முன்னால் மகள் காரை நிறுத்தினாள். "ஒரு முனகல்கூட இல்லப்பா. முன்சீட்டு உங்களுக்குத்தான்."

உரைகல் இறங்கினார். தர்பூசணியின் பெல்ட்டை அவிழ்த்தார். பதவி இழந்த பழத்தைச் சம்பந்தியின் மடியில் வைத்தார். முன்சீட்டில் உட்கார்ந்து, கால் நீட்டி, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு, உலகத்தை ஒரு பார்வை பார்த்தார். தங்கச் சுரங்கத்தையே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் வந்திருக்காது. கம்பவுண்டர் பின்னாலிருந்து தர்பூசணியைத் தாளம் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் அதே சிரிப்பு.

வேன்காரர் டீக்கடை வாசலில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார். வெற்றிக்கு ஒரு சாட்சி இருந்தால் நல்லதுதானே?

"ஏம்பா, உன் வண்டியும் சும்மா பறக்குதே! ஃபுல் சிந்தெடிக்தானே? பின்னாடி இருக்கறவர் காதுல விழற மாதிரி உரக்கச் சொல்லு!"

"எனக்கென்ன சார் தெரியும் அதெல்லாம்?" என்றார் வேன்காரர். "ஒரே காரை வெள்ளிக்கிழமை ஒரு பெரியவரும் திங்கக்கிழமை ஒரு வழுக்கைத்தலைப் பெரியவரும் ஓட்டிட்டு வந்து, ஒருத்தர் ஊத்தின புது ஆயிலை இன்னொருத்தர் வடிச்சிட்டு வேற ஆயில் ஊத்திட்டுப் போறாங்களாம், நம்ம மெக்கானிக் அந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்து என் வண்டிக்கு ஊத்துறாரு. அந்த மகராசனுங்க ரெண்டு பேரும் நூறு வயசு நல்லா இருக்கணும் சார்!"