உரித்த ஓடும் சம்பந்தி மரியாதையும்

சரவணம்பட்டி, கோயமுத்தூர்
புரட்டாசி மூன்றாம் சனி

மரியாதைக்குரிய கொடுமுடி சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்கு, சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி முத்தாத்தாளும் உங்கள் மகன் வீட்டில் சுகம். அங்கு நீங்களும் சம்பந்தி அம்மாவும் வாழைத்தோப்பும் கறவைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் பதிவாகிவிடும், வாட்ஸ்அப்பில் போட்டால் கை தவறிக் குடும்பக் குரூப்பில் விழுந்துவிடும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். நினைப்பதானால் முழுசாகப் படித்துவிட்டு நினையுங்கள்.

மாப்பிள்ளை சபரீஷும் என் மகள் லோகப்பிரியாவும் சிங்கப்பூர் கிளம்பும்போது, பெற்ற தகப்பன் நீங்கள் இருக்க, கூடத்தில் இருக்கும் கடல்தண்ணீர்த் தொட்டியை மாப்பிள்ளை என்னை நம்பித்தான் விட்டுப் போனார். உள்ளே பவளப்பாறை, ராஸ் என்று ஒரு ஊதா மீன், முதுகில் வெள்ளைக்கோடு போட்ட ஒரு சிவப்பு இறால். ராஸுக்கு இறால் மேல் ஒரு கண் உண்டு, வயிறு நிறைந்தால் சும்மா இருக்கும், ஃபிரிஜ்ஜில் இருக்கும் தீனியை வேளாவேளைக்குப் போடுங்கள் மாமா என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி. புரட்டாசி பிறந்ததும் முத்தாத்தாள் ஃபிரிஜ்ஜைத் துடைத்தாள். அந்தத் தீனி பொடி இறால் என்று கண்டுபிடித்து, பக்கத்து வீட்டு இஸ்மத் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். "இந்த மாசம் ஊட்டுக்குள்ள யாருக்கும் கவுச்சி கெடையாதுங்க, மீனுக்கும்தான்" என்கிறாள். அன்றிலிருந்து ராஸுக்குக் கடற்பாசிதான். அது தின்னவில்லை. இறாலையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் ராஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியிருக்க, வியாழக்கிழமை நீங்கள் வந்தீர்கள்.

வந்தவர் சாப்பிடவில்லை. சம்பந்தி வீட்டில் இலை போட்ட பிறகு வயிறு சரியில்லை என்ற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டீர்கள். "ஏனுங்க சம்பந்தி, நம்ம காவேரி இறாலாட்டத்தானுங்க இருக்குது" என்றீர்கள். நீங்கள் கொண்டுவந்த வாழைத்தாரை உள்ளே வைக்கப் போனேன். நீங்கள் போன பிறகு பார்த்தால் இறாலைக் காணோம், ஓடு மட்டும் மிதக்கிறது.

முதலில் ராஸ் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதன் வாய் அரிசிமணி நுழையாத வாய். வயிறும் ஒட்டித்தான் கிடக்குது. ஓட்டில் ஒரு கடி இல்லை. தலை, கால், மீசை எல்லாம் அப்படியே இருக்க உள்ளே சதை மட்டும் இல்லீங்க. இத்தனை பக்குவமா உரிக்க மீனுக்குக் கையா இருக்குது? மறுவீட்டு விருந்துல நீங்க இறால் உரிச்ச அழகை எதிர் இலையிலிருந்து பார்த்தவன் நான். உங்க ஊட்டுலயும் புரட்டாசி. மூணு வாரமா வெறும் ரசத்துல கெடக்கிற மனுசன் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லீங்க. பச்சையாவா தின்னிருப்பாருன்னு முத்தாத்தா கேக்குறா. உங்களை வெறுங்கையா அனுப்பக்கூடாதுன்னு முறுக்குப் போட்டுக் குடுத்த தூக்குப்போசியில, நீங்க படியிறங்கறப்ப தண்ணி தளும்புற சத்தம் எனக்குக் கேட்டுதுங்க, ஊட்டுக்குக் கொண்டுபோய்த்தான் வறுத்திருப்பீங்க.

புதன்கிழமை பசங்க வந்துருவாங்க. மாப்பிள்ளை செருப்பைக் கழட்டறதுக்கு முந்தித் தொட்டியைத்தான் பாப்பாரு. பொண்ணைக் கட்டிக்குடுத்த எடத்துல ஒரு இறாலைக் காப்பாத்தத் துப்பில்லாத ஆளுன்னு பேராயிருமோன்னு பயமா இருக்குது. தின்னிருந்தா தின்னேன்னு சொல்லிப்போடுங்க. நான் வருத்தப்படமாட்டேன். ஓட்டைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். தோப்புக்கு நல்ல மழையும் உங்கள் வயிற்றுக்குச் சுகமும் கிடைக்க மகுடேசுவரரை வேண்டும்,
சென்னியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் முத்தாத்தாள் கூப்பிட்டாள். பாறை இடுக்கிலிருந்து இறால் வெளியே வந்து மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "இறால் வளர்றப்ப பழைய ஓட்டைக் கழட்டிப் போடுமுங்க மாமா. புது ஓடு கெட்டியாகற வரைக்கும் ஒளிஞ்சுக்கும், பயப்படாதீங்க" என்கிறார். ஆனால் இது பழசைவிடக் கொஞ்சம் பெரிசு. இன்று காலை நாங்கள் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தோம். இந்த வீட்டுச் சாவி உங்களிடமும் ஒன்று இருக்கிறது. தகப்பன் புதுசு வாங்கி விட்டதை மகன் எவ்வளவு நாசூக்காக மூடி மறைக்கிறார். நல்லா வளத்திருக்கீங்க சம்பந்தி, எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சுங்க. தெரிஞ்ச மாதிரி நான் காட்டிக்கவே மாட்டேன். புரட்டாசி முடிஞ்சதும் வாங்க, முத்தாத்தா இறாலே வறுத்துப் போடுவா. நாற்காலியை மட்டும் நான் போடற எடத்துல உக்காருங்க.