திருவொற்றியூர் ஆல்ப்ஸ் ஏரியின் பூகோளமும் சரித்திரமும்

உலகத்து ஏரிகளில் தனிப்பெருமை உடையவை இரண்டே. ஒன்று ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கிறது. மற்றொன்று திருவொற்றியூரில், ரயில் மேட்டை ஒட்டி, மீன் விற்கும் கெங்கம்மாவின் அடுப்பங்கரையில் இருக்கிறது.

இரண்டாவதைக் கண்டுபிடித்தவர் இன்ஜினீயர் தண்டபாணி. தேங்கிய நீரை வடியவைக்கும் வித்தையைக் கற்றுவர வடிகால் அபிவிருத்திக் கமிட்டி 1952இல் அவரை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பியது. அங்கே முழங்கால் ஆழமுள்ள ஒரு மலையேரியைப் பார்த்தார். வித்தை மறந்துபோயிற்று; ஏரி நெஞ்சில் நின்றுவிட்டது.

திரும்பி வந்ததும் கமிட்டிக்குப் பொறுமையாக விளக்கினார்.

"மலையில் பனி உருகி நீர் இறங்கும். பனியாறு தள்ளிவந்த கல்லும் மண்ணும் குறுக்கே மேடாகக் கிடக்கும். நீர் தேங்கும். அதுதான் ஏரி. இங்கே பனிக்குப் பதில் டின் தொழிற்சாலையின் கழிவுநீர். கல்மேட்டுக்குப் பதில் ரயில் மேடு. அடியில் களிமண், ஒரு சொட்டு இறங்காது. மேட்டுக்குக் கீழே ஒரு மதகு உண்டு. அதையும் சாம்பல் கொட்டி இயற்கையே அடைத்துவிட்டது."

தொழிற்சாலைச் சாம்பலை வண்டியில் கொண்டுவந்து 'இயற்கை' கொட்டியது போன வருஷம். ஏரியின் சரித்திரம் அவ்வளவுதான்.

அளவெடுக்கப் போன தண்டபாணியைக் கெங்கம்மா வழிமறித்தாள்.

"அந்த மதகைத் தொறந்து வுடு சார். கட்டில் மேல அடுப்பை வெச்சுக் கஞ்சி காச்சிகினு கீறேன்."

"ஏரிக்கரையில் வசிக்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, அம்மா?"

"கரை இன்னா கரை? நான் நடுவுல குந்திகினு கீறேன்."

தண்டபாணி வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. வீடு ஏரிக்குள்தான் இருந்தது.

"அப்படியானால் நீங்கள் ஏரியை ஆக்கிரமித்திருக்கிறீர்கள்."

"நல்லா கீது நாயம். ஏரிதான் சார் என் வூட்டுக்குள்ள வந்து குந்திகிச்சு."

மறுவாரம் அவள் வீட்டைப் பிரித்தார்கள். கட்டிலும் அடுப்பும் கைவண்டி ஏறிப் புளியந்தோப்பில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயின. ஏரி மீட்கப்பட்டது.

அடுத்தது ஏரியின் திறப்பு விழா. கமிட்டித் தலைவரின் புதுக் கார் வரும் பாதையில் ஏரி குறுக்கிட்டது. டயர் நனையலாமா? இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்து, ஒரு காலை வேளையில் மதகைத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷமாக நடக்காத காரியம் நடந்தது. நீர் முழுவதும் கால்வாய்க்கு ஓடிப்போயிற்று.

"ஏரி போய்விட்டதே," என்றார் தண்டபாணி.

"பெயர்ப்பலகை இருக்கிறதல்லவா?" என்றார் தலைவர். விழா குறையில்லாமல் நடந்தது.

செய்தி கேட்டுக் கெங்கம்மா ஓடிவந்தாள். தரை காய்ந்து கிடந்தது. அவள் வீடு இருந்த இடத்தில் டின் தொழிற்சாலை ஆட்கள் கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணிதான் பூட்ச்சே சார். நான் வூட்டைக் கட்டிக்கினா இன்னா?"

"ஏரிக்குள் வீடு கட்டச் சட்டம் இடம் தராது, அம்மா."

"அப்போ இது இன்னாது?"

தண்டபாணி அஸ்திவாரத்தைப் பார்த்தார். அதன் நடுவே நட்டிருந்த தொழிற்சாலைக் கொடியைப் பார்த்தார். பூகோளம் அவரைக் கைவிடவில்லை.

"அது தீவு," என்றார்.