அன்பரசனின் பரிமாற்ற மதிப்பு

கூடைப்பந்து வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் உயரிய கலையை அமெரிக்கர்கள் தொடங்கி வைத்திருக்கலாம். அதற்கு ஒரு தத்துவத்தைத் தந்தது விஸ்வநத்தம் கிராமம்தான். 2005ஆம் ஆண்டு ஆவணியில் இது நடந்தது. உலகம் கவனிக்கவில்லை, அது உலகத்தின் குறை.

விஸ்வநத்தம் மின்னல் கூடைப்பந்துக் கழகத்தை நடத்தியது ஒரு பட்டாசுக் கம்பெனி. கம்பெனி மேனேஜர் சோலைமலைதான் கழகத் தலைவர். கேபிள் டிவியில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவர் ஆட்டக்காரர்களை 'சொத்து' என்றே அழைத்து வந்தார்.

ஒருநாள் வெம்பக்கோட்டைக் கம்பெனிக் கழகத்தின் செயலாளர் அய்யாதுரை நேரில் வந்தார்.

"எங்க சென்டர் ஆட்டக்காரன் ஊர்க்காவலனைத் தாரோம். ஆறடி மூணு அங்குலம். ரெண்டு புதுப் பந்தும் தாரோம். பதிலுக்கு அன்பரசனைக் குடுங்க."

அன்பரசன் கம்பெனியில் லேபிள் ஒட்டுபவன். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். நான்கு ஆண்டுகளாகக் கழகத்தில் இருந்தும் ஆட்டக்களத்தில் கால் வைத்ததில்லை. ஆடுகிறவர்களின் துண்டுகளை மடித்து வைப்பது அவன் பொறுப்பு. செய்தி வந்ததும், கழகத்தில் வேறொரு அன்பரசன் இருக்கிறானா என்று விசாரித்தான். இல்லை.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மதிப்பீட்டு ஆலோசகராக விருதுநகர் மிளகாய் வியாபாரி முகம்மது யூசுப் அழைக்கப்பட்டார். வத்தலைக் கையில் அள்ளிக் குலுக்கியே அது விளைந்த ஊரைச் சொல்லிவிடுகிறவருக்கு மனிதர்கள் எம்மாத்திரம்?

"ஏலே அன்பு, இங்கன வா. குதி பாப்போம்."

குதித்தான்.

"ம், குதி."

"குதிச்சுட்டேன் பாய்."

யூசுப் கண்களை மூடி யோசித்தார். "அப்ப சரக்கு உசரத்துல இல்ல. உள்ளுக்குள்ள இருக்கு."

"நாலு வருசத்துல ஒரு ஃபவுல்கூடச் செய்யல பாய்," என்றார் சோலைமலை உருக்கமாக. "இப்படி ஒரு ஒழுக்கத்த எங்கன பாக்க முடியும்?"

"நான் ஆடவே இல்லையே அண்ணாச்சி..."

"சொத்து பேசக் கூடாதுலே."

இரண்டாவது கூட்டத்தில் அவனுடைய 'மறைந்திருக்கும் திறன்' விவாதிக்கப்பட்டது. மூன்றாவது கூட்டத்தில் ஊர்க்காவலனோடு இன்னொரு ஆட்டக்காரரையும் கேட்டார்கள். அய்யாதுரை உடனே தலையாட்டினார்.

"கம்மியாக் கேட்டுட்டோம்," என்று யூசுப் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அன்பரசனுக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது. வெம்பக்கோட்டைக்குப் போனால் களத்தில் இறங்கலாம். மனைவி பானுப்பிரியா பார்க்க ஒரே ஒரு ஆட்டம். வாழ்க்கையில் அவன் வேறெதையும் பெரிதாகக் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குப் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

அவள் சிரித்தாள். அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள் அவள். அந்த வட்டாரத்தில் அவள் வேகத்துக்குப் பின்னுகிற கை வேறு கிடையாது.

"வெம்பக்கோட்டைக்காரக என்னைய மூணு தடவ கூப்பிட்டாச்சு. தீபாவளிக்குப் பத்தாயிரம்வாலா ஆர்டர் எடுத்துட்டு, பின்னுறதுக்கு ஆளில்லாம முழிக்காக. நான் வரலன்னுட்டேன். புருசன் கம்பெனி மாறுனா பொஞ்சாதியும் அதே வேன்லதான ஏறணும்? அதான் உங்களப் பிடிச்சிருக்காக."

அன்பரசன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பானுப்பிரியா சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி, போவோம். நான் பேசிக்கிடுதேன்."

நான்காவது கூட்டத்துக்கு அவளும் வந்தாள். நேராக அய்யாதுரையிடம் போனாள்.

"கூலியக் கூட்டணும். பின்னுற ரூமுக்கு இன்னொரு வாசல் வைக்கணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒத்த வாசல்ல எம்புட்டுப் பேரு வெளிய வர?"

"வச்சிருவோம்மா."

"இவுக மொத அஞ்சு பேருல ஆடணும்."

அய்யாதுரைக்கு அப்போதுதான் வியர்த்தது. "பாதி ஆட்டம்?"

"முழு ஆட்டம்."

"...சரிம்மா."

சோலைமலை துள்ளி எழுந்தார். மூன்று கூட்டங்களாக மதிப்பிடப்பட்டது உண்மையில் யார் என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. "இந்தப் பரிமாற்றம் ரத்து! ஊர்க்காவலனும் வேண்டாம், பந்தும் வேண்டாம்!"

"நல்லது அண்ணாச்சி," என்றாள் பானுப்பிரியா. "இவுகளுக்கு மூணு கூட்டம் போட்டு மதிப்புப் பாத்தீகளே. எனக்கு எம்புட்டுன்னு இப்பச் சொல்லுங்க. இங்கனயே இருந்துக்கிடுதேன்."

சோலைமலை நெஞ்சில் கை வைத்தார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நாமெல்லாம் ஒரே குடும்பம். வீட்டுப் பிள்ளைக்கு யாராச்சும் மதிப்புப் போடுவாகளா?"

எல்லோரும் யூசுப்பைப் பார்த்தார்கள். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் வெம்பக்கோட்டை வேனில் ஏறினார்கள். தைப் பொங்கல் போட்டியில் அன்பரசன் முழு ஆட்டமும் ஆடினான். விஸ்வநத்தம் பெரிய வித்தியாசத்தில் வென்றது. தோற்ற கம்பெனிக்குத் தீபாவளிக் கணக்கு நன்றாக இருந்ததால், அங்கே யாரும் வருந்தவில்லை. கடைசிவரை கை தட்டியவள் பானுப்பிரியா ஒருத்திதான். அன்பரசனுக்கு அது போதுமாக இருந்தது.

கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு விஸ்வநத்தம் கழகம் தன் ஆண்டுக் கூட்டத்தை நடத்தியது. விளையாட்டில் பணத்தாசை புகுந்துவிட்டதைத் தலைவர் கண்கலங்கக் கண்டித்தார். ஆட்டத்தின் தூய்மையைக் காக்க, இனிமேல் மணமாகாத ஆண்களை மட்டுமே கழகத்தில் சேர்ப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூலியைப் பற்றியும் வாசலைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அதெல்லாம் வெளியாட்கள் பேசுகிற பேச்சு. நல்ல குடும்பங்களில் அந்த வழக்கமில்லை.