விசாலம் சாந்தஸ்வரூபி ஆன சாயங்காலம்

மாட்டுங்கா,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி நாணுவுக்கு அத்திம்பேர் வேங்கடசுப்ரமணியன் அநேக ஆசீர்வாதம்.

உபயகுசலோபரி என்று ஆரம்பித்தால்தான் எனக்குக் கடிதம் எழுத வரும். இரண்டு பக்கமும் சௌக்கியம் என்று அர்த்தம். உன் அக்கா போய் இன்னும் மாசம் திகையவில்லை. ஆகையால் உன் பக்கத்துக் குசலத்தை மட்டும் கோருகிறேன். முழங்கால் ஆபரேஷன் ஆன கையோடு மாடிப்படி ஏறாதே. காரியத்துக்கு வர முடியவில்லையே என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. விஷயத்துக்கு வருகிறேன். மும்பையைத் தலைமுழுகிவிட்டு உன் கோயம்புத்தூர் ப்ளாட்டுக்கே வந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். நீ கூப்பிட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தாகிவிட்டது. அந்தப் பின்னறையைக் காலி பண்ணி வை. காரணத்தைக் கேட்டால் நீயே டிக்கெட் எடுத்து அனுப்புவாய்.

பதிமூன்று நாளும் குறைவில்லாமல் நடந்து, சாஸ்திரிகள் தட்சிணை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் லிப்டுக்குள் நுழைவதற்குள் உன் மருமான் அனந்த் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அப்பா, ஒரு பிரேயர் மீட் வெச்சுடலாம்.” அதான் எல்லாம் பண்ணியாச்சேடா, இன்னும் என்ன பாக்கி என்று கேட்டேன். “இது அம்மாவுக்கில்லப்பா. என் ஆபீஸ், வந்தனா ஆபீஸ், எங்க வாஷி ப்ளாட் சொசைட்டிக்காரா எல்லாரும் எப்போ எப்போன்னு கேக்கறா. வெக்கலேன்னா நன்னாருக்காது.” அம்மாவுக்கில்லை என்று அவன் வாயாலேயே சொன்னதை நீ கவனிக்க வேண்டும். பிரேயர் மீட் என்பது இந்த ஊர் சேட்டுகள் வீட்டு வழக்கம். சாயங்காலம் ஒரு ஏ.சி. ஹால், எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு, பூவுக்கு நடுவில் போட்டோ, ஒரு பஜனை கோஷ்டி. வருகிறவர்கள் வரிசையில் நின்று கை கூப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியது. காப்பி கிடையாது. சேட்டு வீட்டில் அது அழகாகத்தான் இருக்கிறது. நாம் பண்ணினால் இலை போடாத கல்யாணமாக ஆகிவிடுகிறது.

முதல் சண்டை போட்டோவில் வந்தது. உன் அக்கா போட்டோவில் எப்போதாவது சிரித்திருக்கிறாளா? இருந்ததில் நல்ல படம் அம்முவின் பிறந்தநாளில் எடுத்தது. அதிலும் போட்டோக்காரன் செருப்போடு கூடத்துக்குள் வந்துவிட்டான் என்று அவனை முறைத்துக்கொண்டிருக்கிறாள். மாட்டுப்பெண் வந்தனா, “இது ரொம்ப ஆங்ரியா இருக்கேப்பா” என்றாள். பேத்தி அம்மு போனை வாங்கி எதையோ தேய்த்தாள். உன் அக்கா பல் தெரியச் சிரித்தாள். நிறம் கூடிவிட்டது. அவள் குளிக்கும்போதுகூடக் கழற்றாத மூக்குத்தியைக் காணோம். “பாட்டி ஸோ ஸ்வீட்!” என்றது குழந்தை. பாவம், அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்; பாட்டியையும் படிக்கத் தெரியவில்லை.

பிரேயர் மீட் அன்றைக்கு ஹாலுக்குப் போனால், மஞ்சளும் குங்குமமுமாகப் போனவளுக்கு ஊரே வெள்ளை கட்டிக்கொண்டு நிற்கிறது. நம் மாமிகள் மட்டும் பிடிவாதமாக அரக்குப் புடவையில் வந்தார்கள்; வீடியோவில் நிறம் ஒத்துவரவில்லை என்று அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். நாலு மணி என்றால் டிபன் இல்லாமலா இருக்கும் என்று மத்தியானம் அரை வயிறாகச் சாப்பிட்டு வந்த மாமாக்கள், துக்கம் விசாரிக்கிற பாவனையில் என் காதுக்கருகே குனிந்து “பந்தி மாடியிலயா?” என்றார்கள். என்னோடு ஆபீஸில் இருந்த கலீலுல்லா டோம்பிவிலியிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்தவர், கீழ்த்தளத்தில் நடந்த வேறொரு பிரேயர் மீட்டில் நுழைந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு விம்மிவிட்டு, பிறகு விசாரித்துக்கொண்டு மேலே வந்தார். “இருந்ததெல்லாம் கீழயே அழுது தீத்துட்டேன்பா, மன்னிச்சுக்க” என்றார். அங்கே வந்தவர்களில் நிஜமாக அழுதுவிட்டு வந்தவர் அவர் ஒருத்தர்தான்.

மேடையில் ஷாலினி என்று ஒரு பெண். துக்கக் கூட்டம் நடத்திக் கொடுப்பதே அவளுக்கு உத்தியோகமாம். அம்மாவின் நல்ல குணங்களைச் சொல்லுங்கள் என்று முன்னாலேயே அனந்திடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். தேன் குரலில் சொல்கிறாள்: “விசாலாக்ஷிஜி சாந்தஸ்வரூபி. அவங்க குரலை உயர்த்தி யாரும் கேட்டதே இல்லை.” மூன்றாவது வரிசையிலிருந்த காய்கறிக்காரர் தும்மல் வந்தவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். உன் அக்கா வருவதைப் பார்த்தால் லிப்டுக்குள் ஒளிந்துகொள்கிற எங்கள் சொசைட்டி செக்ரட்டரி, அவளுடைய ஒத்துழைப்பை மறக்கவே முடியாது என்றார். எல்லாருக்கும் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். எந்த விசாலாக்ஷியைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். “ஷாக்கில இருக்கார்” என்றார்கள். நாணு, அவள் போன நாளிலிருந்து நான் அழவில்லை. மேடையில் இருந்த அந்தப் பெண்மணிக்காக அழ எனக்கு என்ன பாத்தியதை? உள்ளூரப் பயம்தான் வந்தது. இதையே நாலு பேர் திருப்பித் திருப்பிச் சொன்னால், அந்த போட்டோவையே வீட்டில் மாட்டி தினம் பார்த்தால், என் விசாலம் எனக்கே மறந்துபோய்விடுவாளே என்று பயந்தேன்.

அப்போதுதான் யாரும் கூப்பிடாமல் நாகலக்ஷ்மி மாமி மேடை ஏறினாள். இந்தப் பெயரை உன் அக்கா உன்னிடம் போனில் திட்டாத நாள் உண்டா? எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல். தினம் காலையில் மாமி புறாவுக்குக் கோதுமை போடுவாள். புறா நம் கொடியில் உட்கார்ந்து என் வேஷ்டியில் கைங்கர்யம் பண்ணும். விசாலம் ஜன்னலைத் திறந்து கத்துவாள். எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டுச் சுப்ரபாதம் அதுதான். மாமி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சாந்தமாவது மண்ணாவது! என்னை அவ பேசின பேச்சை இந்த மைக்குல சொல்லப்படாது. ஒரு நா கோதுமையையெல்லாம் கூட்டி வாரி என் வாசல்லயே கொட்டிட்டுப் போனா. நானும் சும்மா விடலை.” ஷாலினி மைக்குக்குக் கை நீட்டினாள், மாமி அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “அவ போனப்பறமும் போட்டுண்டுதான் இருந்தேன். புறா வரது, திங்கறது, போறது. அந்த ஜன்னல் தொறக்கவே மாட்டேங்கறது. ஏன்டி கத்தமாட்டேங்கறேன்னு பாத்துண்டே நிப்பேன். இப்போ போடறதையே விட்டுட்டேன். யாருக்காகப் போடணும்?”

பஜனைக்காரர் நிலைமையைச் சமாளிக்க ஆர்மோனியத்தை அழுத்தினார். நான் மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு நேரம் வராத என் விசாலம் அப்போதுதான் அந்த ஹாலுக்குள் வந்தாள். வந்தனா அனுப்பிய வீடியோவில் இது இருக்காது. அந்த இடத்தை வெட்டிவிட்டாளாம்.

இதற்கப்புறம் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை, சொல்லு. காப்பியில் சர்க்கரை அதிகம் என்று கையிலிருந்து பிடுங்க ஆளில்லை. ஜன்னல் பக்கம் சத்தமில்லை. புறாகூட வருவதில்லை, கொடியில் வேஷ்டி வெள்ளை வெளேரென்று காய்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. என் காலத்துக்குப் பிறகு எனக்கு பிரேயர் மீட் கூடாது. தப்பித்தவறி யாராவது வைத்தால் நீ போய், கஞ்சன், குறட்டைக்காரன், பெண்டாட்டி இல்லாவிட்டால் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொள்வான் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வா.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உன் அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள், நானே சொல்லிவிடுகிறேன்: முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளாமல் டி.வி. முன்னால் உட்காராதே.

இப்படிக்கு,
அன்புள்ள அத்திம்பேர்,
வேங்கடசுப்ரமணியன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை விடிந்துவிட்டது. காப்பி போடப் போனவன் என்னமோ தோன்றி, அந்த ஜன்னலை உன் அக்கா மாதிரி முழங்கையால் இடித்துத் திறந்தேன். எதிரே மாமி வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள். “கோதுமை போடலையா?” என்றேன். “எதுக்கு?” என்றாள். “போட்டாத்தானே நான் கத்த முடியும்?” என்றேன். உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து போட்டாள். புறா வந்தது. கத்தினேன். “இத்தனை வருஷம் அவகூட இருந்து இவ்வளவுதான் வந்துதா?” என்று சொல்லி ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டாள். நாளைக்கு இன்னும் பலமாகக் கத்திப் பார்க்க வேண்டும். போகப் போக வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். நீ பின்னறையைக் காலி பண்ண வேண்டாம். பண்ணியிருந்தால் சாமான்களை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடு.