ஓர் ஆள் அளவுக் கூண்டு

இனி மீன்களோடு மட்டும்தான் சகவாசம் என்று தனிஸ்லாஸ் முடிவு கட்டியது எழுபத்தொன்பதாம் வருஷம் செப்டம்பரில். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை பார்த்து மே மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். அதற்குள் வில்லாபுரம் வீட்டில் ஓர் ஆயுளுக்கான வசவைக் கேட்டாயிற்று. செருப்பை ஏன் அங்கே விட்டீர்கள், துண்டை ஏன் சுருட்டிப் போட்டீர்கள், சும்மா எதற்குப் பெருமூச்சு விடுகிறீர்கள். மனுஷன் பெருமூச்சுக்கும் லீவு லெட்டர் எழுத வேண்டியிருந்தது. ஒரே மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அதிலிருந்து அந்த வீட்டில் மனைவி பிலோமினாளின் குரல் ஒன்றுதான். அதுவும் ஓயாத குரல்.

அவனியாபுரம் கண்மாயில் தூண்டில் போட்டு உட்கார்ந்தால் ஒரு நிம்மதி. கெண்டை, கெளுத்தி எதுவும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் கரையில் பொட்டு நிழல் கிடையாது. குடை பிடித்துப் பார்த்தார், காற்று அதைக் கண்மாய்க்கே கொடுத்துவிட்டது. ஆகவே ஆங்கிள் இரும்பில் ஒரு கூண்டு அடித்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, அதற்குள் மிச்ச ஆயுளைக் கழித்துவிடுவது என்று படம் வரைந்தார். நாலு கால், குறுக்குச் சட்டம், எல்லாம் போல்ட். கழற்றினால் சைக்கிள் கேரியரில் கட்டிவிடலாம்.

சண்டை வரும் என்று ஒரு வாரம் பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பிலோமினாள் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு உக்காரலாமாங்க?"

"ஒரு ஆளுக்கு மட்டுந்தான்," என்றார் தனிஸ்லாஸ், வேகமாக.

அவள் படத்தை இன்னொரு தரம் விரலால் அளந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, போல்ட் மாட்டினால் காற்றுக்கு ஆடும், வெல்டிங் வைத்துவிடுங்கள், மாட்டுவண்டியில் ஏற்றிக் கரையிலேயே இறக்கிவிடலாம் என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள், மேலே கூம்பாக வைத்தால் மழைத் தண்ணீர் நிற்காது என்றாள். அதுவும் நியாயம். அதற்கு மறுநாள், பின்பக்கம் நெஞ்சு உயரத்தில் ஒரு தட்டு வைத்தால் சோற்றுவாளியை எறும்பு அண்டாது என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு இணக்கமாக இருந்ததே இல்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருந்த காசிமாயன் கூம்பைப் பற்றவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"என்னண்ணே, மீன் பிடிக்கிற கூண்டுன்னீக. சப்பரம் மாதிரியில்ல இருக்கு?"

இரும்பு தெரிந்தவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை கூண்டு வந்து வாசலில் இறங்கியது. சனிக்கிழமை காலை உக்கிரபாண்டியின் மாட்டுவண்டி வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிலோமினாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கண்மாய் வருஷத்துக்கு ஓர் ஆளைக் காவு கேட்குமாம். மந்திரிக்காத கூண்டுக்குள் அவரை அனுப்ப மாட்டாளாம். இதில் தப்பு என்ன இருக்கிறது? அவர் சைக்கிள் வாங்கியபோதே சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஏறினார். தன் கூண்டை ஊர் பார்க்கட்டும் என்று ஆசையும் சேர்ந்துகொள்ள, அவரே போய்ப் பங்குச் சாமியாரைக் கையோடு அழைத்து வந்தார்.

சாயங்காலம் இருவரும் வந்து சேர்ந்தபோது தெரு முழுக்க மெழுகுதிரியோடு நின்றது. கூண்டைச் சுற்றி நீலச் சேலை கட்டியிருந்தது. கூம்பின் உச்சியில் கம்பி வைத்துக் கட்டிய சிலுவை. சோற்றுவாளிக்கான தட்டில், இத்தனை நாளும் பீரோ மேல் கிடந்த மாதா சுரூபம் அளவெடுத்த மாதிரி நின்றது.

"ஜெபமாலை மாசத்துல நல்ல காரியம் தனிஸ்லாஸ். மாதாவுக்குக் கட்டின கெபி லட்சணமா இருக்கு," என்றார் சாமியார்.

தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். தெருவே முழந்தாளிட்டது. மாதா நிற்கிற இடத்தைக் காட்டி, சாமி, இது கெளுத்தி பிடிக்கக் கட்டியது என்று எந்த வாயால் சொல்வது? தீர்த்தம் அவர் முகத்திலும் நாலு சொட்டு விழுந்தது. சனிக்கிழமை வந்த உக்கிரபாண்டி, தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனான்.

அன்றைக்கு முழுதும் தனிஸ்லாஸ் சாப்பிடவில்லை. சாயங்காலம் கேட்டார், எனக்கென்று ஓர் இடம் இருந்தால் உனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று. அவள் தூண்டில் கம்பைப் பரணில் செருகிவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க அங்கன தனியா உக்காந்தா, நானும் இங்கன தனியாத்தான உக்காரணும். உங்களுக்காச்சும் மீனு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

ஓயாமல் பேசியவளுக்கு வீட்டின் அமைதிதான் பயம் என்பது, இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஜெபமாலைக்குத் தெருவில் யாரும் வரவில்லை. இவர்கள் இருவர் மட்டுமே. பிலோமினாள் கூண்டுக்குள், அவருடைய தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ஜெபம் சொன்னாள். கூம்பு வேலை செய்தது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. வெளியே சேற்றில் முழந்தாளிட்டிருந்த தனிஸ்லாஸ், நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டார்.

அவள் அடுத்த மணியை நகர்த்தினாள்.

"ஒரு ஆளுக்குத்தானங்க அளவு குடுத்தீக?"