அரை உசுருக்கு ஆறு பேட்டரி

புது பேட்டரியைப் பார்த்து முகம் சுளித்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் ஜமுனாமரத்தூரில் என் வீட்டுப் புளி அறையில்தான் குடியிருந்தார். பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். எங்கள் மலையில் எல்லாருக்கும் அவர் 'அரை உசுரு'தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். தேன் வாங்குகிறவர், நிலம் அளக்கிறவர், மலை பார்க்க வருகிறவர் என்று எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இவர் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, உங்க டார்ச்சுல பேட்டரி எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது. நேத்துதான் புதுசு போட்டேன்."

அவர் முகம் எழவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ! அரை உசுரா இருந்தா சொல்லுங்கக்கா. சாகவும் கூடாது, நல்லா இருக்கவும் கூடாது."

அப்போது கடையில் எட்டுப் பேர் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வாய் போதாதா? அன்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவரிடம் செங்கல் அளவில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. கித்தார் வாசிக்கிறவர்கள் அதைத் தரையில் போட்டுக் காலால் மிதிப்பார்களாம். மிதித்தால் கித்தார் சத்தம் நடுங்கிக்கொண்டே வருமாம். கப்பலில் வேலை பார்த்த யாரோ எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. வைப்ரேட்டோ பெடல் என்று அவர் சொல்வார். நாங்கள் மிதிபெட்டி என்றோம். இப்போது அந்தச் சத்தத்தைச் செல்போனிலேயே வரவழைக்கலாம் என்று ஒரு வாத்தியார் சொன்னார். அந்த வாத்தியாரோடு அரை உசுரு இரண்டு மாதம் பேசவில்லை.

மூடியைக் கழற்றி எனக்குக் காட்டியிருக்கிறார். உள்ளே டார்ச்சு பல்பு மாதிரி ஒரு குட்டி பல்பு. அதைச் சுற்றிப் பொட்டு அளவில் நாலு கண்கள். பல்பு மெல்ல எரியும், மெல்ல அடங்கும், தூங்குகிறவர் மூச்சு மாதிரி. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அந்தக் கண்கள் சத்தத்தை ஆட்டுமாம். ஆறு டார்ச்சு பேட்டரி போட வேண்டும். புதுசு போட்டால் பல்பு முறைக்கும், சத்தம் வெடவெடவென்று கெட்டுப்போகும். களைத்த பேட்டரி போட்டால்தான் நிதானமாக மூச்சுவிடும்.

"அதுக்கு இன்னாத்துக்கு தம்பி மலை ஏறி வந்தே?"

"கீழ எல்லாரும் சார்ஜ் டார்ச்சுக்கு மாறிட்டாங்கக்கா. பேட்டரி போடற டார்ச்சு இங்கதான் இன்னும் நெறைய கீது."

அது உண்மைதான். எங்கள் மலையில் கரண்ட் போனால் மூன்று நாள் வராது. கரடி அப்படியில்லை, தினமும் வரும்.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். கழுத்து வெடித்த ஒரு கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை ஒரு பழைய ஸ்பீக்கரில் செருகி மிதித்து, ஒரு தந்தியை இழுத்தார். திருப்பத்தூர் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அடிவயிற்றில் ஒன்று புரளுமே, அதே புரட்டல். எனக்குக் கண் சொக்கிவிட்டது.

"தம்பி, நிறுத்து. ஒரு எலுமிச்சம்பழம் எடு."

அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "அதாங்க்கா! நாப்பது வருசமா நான் தேடற சத்தம் அதுதான்! ஆனா இன்னும் கொஞ்சம் கொறையுது."

"இன்னும் கொறையுதா? அது வந்துச்சுன்னா நான் வாந்தி எடுத்துடுவேன்."

வாரச் சந்தையில் கீரைக்காரம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு கூடையோடு உட்கார்ந்துகொள்வார். யார் பேட்டரி கொண்டுவந்தாலும் தன் டார்ச்சில் போட்டுப் பார்ப்பார். வெள்ளையாக எரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். சிவந்து அணைந்தால், "இது போய்ச் சேந்துடுச்சு" என்பார். பலாச்சுளை நிறத்தில் எரிந்தால் மட்டும், "பழுத்துடுச்சு!" என்று கத்தி, பதிலுக்குப் புது பேட்டரி கொடுப்பார்.

களைத்துப்போன பேட்டரிக்குப் புது பேட்டரி கிடைக்கிறதென்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த வாரமே உச்சி வெயிலில் மலைப்பாதை முழுக்க டார்ச்சு வெளிச்சம். ஆடு மேய்க்கிறவர் கையில் டார்ச்சு எரிகிறது. தலையில் புளிமூட்டை, இடுப்பில் எரிகிற டார்ச்சு. பஸ் கண்டக்டர் மிரண்டுபோய் என்னிடம் வந்தார். "இன்னாம்மா இது, பட்டப்பகல்ல எதைத் தேடறாங்க?"

"புத்தியைத் தேடறாங்க" என்றேன். இந்தப் பைத்தியக்காரத்தனம் என் வீட்டில் மட்டும் நடக்காது என்றும் சொல்லி வைத்தேன்.

இத்தனை பாடு எதற்கென்று ஒரு மழை நாளில் சொன்னார். அந்தப் பெட்டி அவருடையதே இல்லை. தேவராசு என்கிற சிநேகிதருடையது. இரண்டு பேரும் கல்யாணக் கச்சேரிக் குழுவில் இருந்தவர்கள். தேவராசு கித்தார், இவர் ஒயரும் மைக்கும். ஒடுகத்தூரில் ஒரு கல்யாணத்தில், பந்தியிலிருந்து பாயச டம்ளரோடு மேடையேறிய இவர் ஒயர் தடுக்கி விழுந்தார். பாயசம் முழுவதும் பெட்டிக்குள் போய்விட்டது. சத்தம் அன்றைக்குச் செத்தது. மறுநாள் எறும்பு வந்து மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது.

"அந்தச் சத்தம் திரும்பி வர்ற வரைக்கும் என் மூஞ்சில முழிக்காதேன்னு சொல்லிட்டான்க்கா."

"கோவத்துல சொன்னதைப் போயி நாப்பது வருசம் புடிச்சுகினு இருப்பாங்களா?"

"அவன் சொன்னா சொன்னதுதான்."

பெட்டியின் ஒவ்வொரு சாமானையும் மாற்றி, துடைத்து, பற்றவைத்து, கடைசியில் பேட்டரியில் வந்து நின்றிருக்கிறார். கேட்டுவிட்டு அவருக்கு இன்னொரு உருண்டை களி எடுத்து வைத்தேன்.

ஒருநாள் புளி அறையிலிருந்து ஓடி வந்தார். "வந்துடுச்சுக்கா!" ஆறு பேட்டரியும் ஒரே பக்குவத்தில் பழுத்துச் சேர்ந்துவிட்டன. நான் கேட்டேன். நேராக எலுமிச்சம்பழத்தைத் தேடிப் போனேன். அவ்வளவு சுத்தமான சத்தம்.

"அப்போ கூப்புடு உன் சிநேகிதனை."

நம்பரை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் நானே போனை வாங்கிக்கொண்டேன்.

"அலோ, தேவராசுங்களா? ஜமுனாமரத்தூர்லருந்து பேசறேன். உங்க மிதிபெட்டி எங்க வூட்டுல கீது. சத்தம் வந்துடுச்சு."

அந்தப் பக்கம் யாரிடமோ டிவியைக் குறைக்கச் சொன்னார். அப்புறம், "அந்தப் பாயசக்காரன் இன்னும் உசுரோட கீறானா?"

"அரை உசுரா கீறாருங்க. சந்தையன்னிக்கி வாங்க, சோறு ஆக்கி வெக்கிறேன்."

சந்தை நாள் காலையில் நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. எங்கள் மலையில் விருந்தாளிக்கு முன்னால் பழையதை வைக்க மாட்டோம். நேற்றைய சோறு வைக்க மாட்டோம், கிழிந்த பாய் போட மாட்டோம். நாற்பது வருஷம் கழித்து ஒரு மனிதர் மலையேறி வருகிறார். பெட்டிக்குள் பார்த்தால் ஆறும் உப்புப் பூத்து, துருப்பிடித்துக் கிடக்கின்றன. பேட்டரியின் பக்குவம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் விருந்தாளி என்றதும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அரை உசுரு குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஆறையும் எடுத்துக் குப்பையில் வீசினேன். கடையில் ஆறு புதுசு வாங்கிப் போட்டேன். பெட்டியைத் துடைத்துக் குங்குமமும் வைத்தேன்.

தேவராசு வந்தார். தலை முழுக்க வெள்ளை, முதுகில் போர்வை சுற்றிய கித்தார். இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என் சோற்றையே பார்த்துச் சாப்பிட்டார்கள். பிறகு தேவராசு கித்தாரை எடுத்து, பெட்டியை மிதித்தார்.

தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நல்லாத்தான் கீது" என்றார், வெளியாளிடம் பேசுகிற மாதிரி. கித்தாரைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தார். "திருப்பத்தூர் பஸ் எத்தினி மணிக்கும்மா?"

அரை உசுரு மூடியைத் திறந்தார். உள்ளே ஆறும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தன. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு சிநேகிதரிடம் திரும்பி, "நான்தான் புதுசு போட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

என் வயசுக்கு நான் யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் என் தப்பை ஒரு மனிதர் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"அவரு இல்லீங்க. நான்தான் மாத்துனேன். பஸ் வர்ற வரைக்கும் குந்துங்க" என்று சொல்லிவிட்டுக் குப்பைக்கு ஓடினேன். குப்பை வண்டி ஏற்கெனவே வாரிக்கொண்டு போயிருந்தது. அப்படியே சந்தைக்குள் ஓடினேன்.

"யார் டார்ச்சுல பழுத்த பேட்டரி கீது? அரை உசுருக்கு வேணும்! சீக்கிரம்!"

ஒருவரும் எதற்கென்று கேட்கவில்லை. சந்தையில் இருந்த அத்தனை பேரும் டார்ச்சைக் கொளுத்தி உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார்கள்.

"என்னுது இன்னும் காய்!"

"தோ, என்னுது பலாச்சுளை!"

"யோவ், அது பலாச்சுளையா? பறங்கிப்பூ நிறம்யா அது!"

கீரைக்காரம்மாள் இரண்டு, தேன்காரர் இரண்டு, ஆட்டு வியாபாரி ஒன்று கொடுத்தார்கள். ஆறாவது அமையவே இல்லை. அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் பையிலிருந்த டார்ச்சைத் தட்டிப் பார்த்தார். பழுத்த வெளிச்சம். "புடிம்மா. சத்தம் வந்தா நானும் கேட்டுட்டுத்தான் வண்டி எடுப்பேன்."

ஆறும் உள்ளே போயின. தேவராசு நின்றபடியே, போனால் போகிறதென்று ஒரு தந்தியை இழுத்தார்.

முதலில் கண்டக்டர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தேவராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தந்தி, இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"டேய். இதுல பாயச வாசனை வருதுடா."

"நல்லா கழுவிட்டேன்டா."

"கழுவினா போவுமாடா, முட்டாப்பயலே?"

நாற்பது வருஷத்துக்குப் பிறகு வந்த 'டேய்' அது. பஸ் போய்விட்டது. தேவராசு போகவில்லை.

நான்காம் நாள் இரண்டு பேரும் ஒன்றாகத் திருப்பத்தூருக்கு இறங்கிப் போனார்கள். சிநேகிதர் வீட்டு மாடியிலேயே இருந்துகொண்டார் அரை உசுரு. பேட்டரிக்கு மட்டும் மாதம் ஒரு சந்தை மலையேறி வருவார். மலையிலும் இப்போது சார்ஜ் டார்ச்சு பெருகிவிட்டது, சந்தையில் ஒன்றிரண்டுதான் தேறும். மற்றதெல்லாம் என் புளி அறை அலமாரியில் இருந்துதான்.

போன தடவை அலமாரியைத் திறந்து பார்த்து நின்றுவிட்டார். "ஒரு டார்ச்சுல இத்தினி பேட்டரியாக்கா? பகல்லயே எரிய வுடறீங்களா இன்னா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றேன். முந்தானையை இழுத்து இடுப்பில் இருந்த டார்ச்சை மூடிக்கொண்டேன். உள்ளே அது எரிந்துகொண்டுதான் இருந்தது.